எங்கள் குட்டைக்கு வந்த மேட்டுத் தண்ணீர்

மாடு வளர்க்கத் தெரியாதவன் என்று என்னை ஒருத்தரும் சொல்லிவிட முடியாது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த ஒரு குணத்தால்தான் என் குடும்பம் இரண்டு வருஷம் இரண்டு ஊரில் கிடந்தது.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்திலிருந்து ஒன்பது மைல், மாகறலுக்குச் சற்று முன்னால். நாங்கள் ஜைனர்கள். ஊரில் ‘நயினார் வீடு’ என்றால் அது எங்கள் வீடுதான். அறுபதுகளின் கடைசியில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் கண்ணை மூடிவிட, ஏழு ஏக்கர் நிலமும், ஒரு குட்டையும், குட்டைக்கு மேற்கே மாடு மேய ஒரு மேடும் என் தலையில் விழுந்தன. மேட்டில் நின்ற மாடுகளும் சேர்த்துத்தான்.

எங்கள் வீட்டில் கிழட்டு மாட்டை விற்கிற வழக்கம் கிடையாது. விற்றால் அது எங்கே போய்ச் சேரும் என்று தெரியும். பால் மறந்தாலும் சரி, கால் நொண்டினாலும் சரி, அதுவாகச் சாகும் வரைக்கும் எங்கள் மேட்டில் மேயும். இது ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி. தெரிந்தால் சும்மா இருப்பார்களா? ஏருக்கும் வண்டிக்கும் ஆகாத மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசல் வேப்பமரத்தில் கட்டிவிடுவார்கள். “நயினாரே, உங்க கிட்ட இருந்தா இது நல்லபடியா சாவும்பா” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டுவார்கள். அந்த மாடு என்னைப் பார்க்கும். நான் அதைப் பார்ப்பேன். பிறகு வைக்கோல் எடுக்கப் போவேன். வேறு என்ன செய்வது?

எனக்குக் கல்யாணம் ஆனபோது எங்கள் மாடு ஒன்பது, ஊர் கொண்டுவந்து விட்டது பதினாலு.

வீட்டுக் கிணறு உப்பு. ஊர்க் கிணறும் உப்பு. ஆறு இரண்டு மைல் தள்ளி, அதனால் குடிக்கவும் சமைக்கவும் குட்டைத் தண்ணீர்தான். மேட்டில் பெய்கிற மழை வழிந்து வந்துதான் குட்டை நிரம்பவேண்டும். அப்பா காலத்தில் மேட்டில் முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது. மழைத் தண்ணீர் அந்தப் புல்லில் மெல்ல நுழைந்து, மண்ணையும் சாணியையும் அங்கேயே விட்டுவிட்டுத் தெளிவாகக் கீழே இறங்கும். இருபத்து மூன்று மாடு மேய்ந்தால் புல் என்ன ஆகும்? வேர்வரை மேய்ந்துவிட்டு மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. மேடு மொட்டைத் தலையாகிவிட்டது. கோடை முழுக்கச் சாணியும் மூத்திரமும் அதன்மேல் காயும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் அத்தனையும் கரைந்து, கறுப்பாக நுரைத்துக்கொண்டு குட்டையில் வந்து இறங்கும். நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தேனே தவிர, புத்தியில் ஏறவில்லை.

ஏறாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கமாட்டோம். வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி, அதன்மேல் மெதுவாக ஊற்றவேண்டும். கண்ணுக்குத் தெரிந்ததும் தெரியாததுமாகத் தண்ணீரில் எத்தனையோ உயிர் இருக்கிறது, அவை நம் வயிற்றுக்குள் போய்விடக்கூடாது. அதோடு விடுவதில்லை. துணியில் தங்கிய உயிர்களை எந்தத் தண்ணீரிலிருந்து எடுத்தோமோ அந்தத் தண்ணீரிலேயே திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும். வேறு தண்ணீரில் விட்டால் அவை பிழைக்காது, பாவம் வடிகட்டியவர் தலையில். அந்தத் துணியில் எல்லாம் நின்றுவிடும் என்று நம்பிய பரம்பரை நாங்கள். புழு நிற்கும், பூச்சி நிற்கும். மாட்டு மூத்திரம் நிற்குமா?

என் மனைவி வந்த பிறகுதான் இந்தக் கேள்வியே எங்கள் வீட்டில் எழுந்தது.

அவள் காஞ்சிபுரத்துப் பெண். அவள் அப்பாவுக்கு அரிசி மண்டி. தெருவில் முக்கால்வாசி தறி வீடுகள். விடிந்தால் தறிச் சத்தம், பொழுது அடைந்தால் தறிச் சத்தம். ஆனால் அவர்கள் வீட்டில் பட்டு உடுத்தமாட்டார்கள். கொதிக்கிற தண்ணீரில் புழுவைப் போட்டு எடுக்கிற நூல் அது என்பார் மாமனார். ஊரெல்லாம் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க எந்த ஊருக்கு வருமோ, அந்த ஊர்ப் பெண் பருத்திப் புடவையில் எனக்கு மனைவியானாள். மஞ்சளில் அரக்குக் கரை. எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வாய் கொஞ்சம் நீளம். வந்த வருஷம் முதல் மழைக்குக் குட்டைக்குப் போனவள், குடத்தைக் காலியாகத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

“இன்னாங்க இது, குட்டையா கஷாயமா?”

“முதல் தண்ணி அப்படித்தான் இருக்கும். தெளிஞ்சிடும்.”

“எங்க தெரு சாக்கடையில சாயத் தண்ணி ஓடும், செவப்பா. அதைக்கூட யாரும் குடிக்கச் சொன்னதில்ல.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “இந்தத் தண்ணிய குடிச்சித்தான் நான் வளர்ந்தேன்” என்றேன். என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். வளர்ந்த லட்சணம் தெரிகிறது என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். மறுபடியும் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு மடிப்புத் துணியை நாலாக மடித்து வடிகட்டினாள். காய்ச்சியும் பார்த்தாள். காய்ச்சினால் நாற்றமும் சேர்ந்து கொதித்தது. ஒவ்வொரு நாளும் காலையில், அந்த நாற்றத் தண்ணீருக்குள் துணியைக் கவிழ்த்து இறக்கி, “போங்கம்மா, போங்க” என்று அந்த உயிர்களை அனுப்பிவைப்பாள். இவ்வளவு பொறுமையாக என்னிடம் அவள் ஒருநாளும் பேசியதில்லை.

அடுத்த ஐப்பசியில் அவளுக்கு நாலு மாதம். மழை பிடித்துப் பத்து நாள் இருக்கும். வாந்தி என்றாள், மசக்கை என்று நினைத்தேன். சாப்பாடு வேண்டாம் என்றாள், அதையும் மசக்கை என்றே நினைத்தேன். ஒருநாள் காலையில் வெளிச்சத்தில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். கண்ணிரண்டும் மஞ்சள். வண்டி கட்டி, பஸ் பிடித்து, மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். டாக்டர் நாடியைப் பிடிப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டார்: “தண்ணி எங்கேர்ந்து?”

சொன்னேன். மேட்டையும் மாட்டையும் பற்றிக் கேட்டார். அதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

ஒரு மாதம் உயிருக்குப் போராடிப் பிழைத்தாள். வயிற்றில் இருந்ததும் பிழைத்தது. மாமனார் என்மேல் கோபித்துக்கொண்டிருந்தாலாவது நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் கோபப்படத் தெரியாத மனிதர். கையைப் பிடித்துக்கொண்டு, “மாப்ளே, கொழந்தை பொறக்கட்டும். அந்தத் தண்ணியும் தெளியட்டும். தெளிஞ்ச அன்னிக்கே நானே கொண்டாந்து விடறேன்” என்றார். இதில் எங்கே சண்டை போடுவது?

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அப்பாவானேன்.

ஞாயிறு காலையில் மாடுகளுக்கெல்லாம் தீனி வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தால் பத்து மணிக்கு மாமனார் தெரு. அந்தத் தெருவில் நேராகச் சைக்கிள் விட முடியாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருப்பார்கள். இறங்கிச் சுவரோரமாக உருட்டிக்கொண்டு போகவேண்டும். “பாத்து வாங்கப்பா, இழை அறுந்துடப் போவுது” என்று யாராவது கத்துவார்கள். பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க ஒன்பது மைல் மிதித்து வந்தவனின் அவசரம் அவர்களுக்கு எங்கே தெரியும்?

கூடத்தில் ஒரு நாற்காலியில் நான், எதிரே மாமனார். உள்கதவோரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நிற்பாள். மாமனார் குட்டையைப் பற்றி விசாரிப்பார். நான் விலாவாரியாகச் சொல்வேன். வாய்க்கால் எத்தனை முழ ஆழம், மேடு எந்தப் பக்கம் சரிவு, சாணி எங்கே தேங்குகிறது. அவள் கேட்டுக்கொண்டே நிற்பாள். சாப்பாடு ஆகும். மூன்று மணிக்குக் கிளம்பிவிடவேண்டும். போய் மாடுகளைப் பிடித்துக் கட்டவேண்டும், பொழுது சாய்ந்தால் நாங்கள் சாப்பிடுவதில்லை, அதற்குள் நானும் சாப்பிட்டாகவேண்டும். ஒரு நாள்கூட அங்கே தங்க முடியாது. அத்தனை வாயில்லா ஜீவனை யார் பார்ப்பது? அவளும் நானும் தனியாக இருப்பது நான் கிணற்றடியில் கை கழுவுகிற நேரம் மட்டும்.

“மெலிஞ்சி போயிட்டீங்க.”

“நீயுந்தான்.”

இவ்வளவுதான் பேச்சு. அதற்குள் உள்ளேயிருந்து யாராவது கூப்பிடுவார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம், இதைச் சொல்லியிருக்கலாம், அதைச் சொல்லியிருக்கலாம் என்று சைக்கிளோடு பேசிக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் அடுப்பு அணைந்து கிடக்கும். அவள் இருந்தபோது, ஏன் இப்படி ஓயாமல் பேசுகிறாள் என்று சலித்துக்கொண்டவன்தான் நான். அவள் திட்டுக்காக ஏங்கினேன். சோறு குழைந்துவிட்டால் குழைந்தது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அவளுடைய பழைய புடவை ஒன்று கொடியில் கிடந்தது. அதை மடித்து வைக்க எனக்குக் கை வரவே இல்லை.

அந்த வருஷம் ஆவணியில் நானே மண்வெட்டியை எடுத்தேன். குட்டைக்கு மேலே, மேட்டின் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டினேன். மேட்டுத் தண்ணீர் அதில் விழுந்து பக்கத்து நெல் வயலுக்குப் போய்விடவேண்டும். சாணித் தண்ணீர் குட்டைக்கு விஷம், நெல்லுக்கு விருந்து. யோசனை சரிதான். வெட்டியதுதான் கோணல். ஒருத்தனாக, ரோஷத்தோடு, மட்டம் பார்க்காமல் வெட்டினேன். ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் பிளந்துகொண்டு கொட்டியது. வாய்க்கால் நடுவில் பள்ளம் விழுந்த இடத்தில் தண்ணீர் தேங்கியது, கரை உடைத்துக்கொண்டது, வழக்கமாக வருகிற கழிவு போதாதென்று என் வாய்க்கால் மண்ணையும் வாரிக்கொண்டு குட்டையில் பாய்ந்தது. மண்வெட்டியோடு குறுக்கே போய் விழுந்தேன். தண்ணீர் என்னையும் ஒரு புரட்டு புரட்டியது. எழுந்து பார்த்தால் குட்டை முன்னைவிட மோசம். மழையில் நின்று அழுதேன். மழை என்பதால் எனக்கே அது ரொம்ப நேரம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய் மாமனாரிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். “மாடுங்க கொஞ்சம் ஜாஸ்தியோ?” என்றார்.

“ஜாஸ்திதான்.”

“கொஞ்சம் கொறைச்சா…”

“எப்படிக் கொறைக்கிறது மாமா? நீங்களே சொல்லுங்க.”

விற்றுவிடு என்று அவராலும் சொல்ல முடியவில்லை. பட்டுப்புழுவுக்கே இரங்குகிறவர் மாட்டை எப்படி விற்கச் சொல்வார்? கூரையைப் பார்த்துவிட்டு, “சரி, அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார். உள்கதவோரம் வளையல் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை.

இன்னொரு வருஷம்! எப்படித் தள்ளினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது. ஒவ்வொன்றும் நான் இல்லாத கிழமையில்தான் நடந்தது. ஒரு ஞாயிறு நான் சைக்கிளை நிறுத்தியதும் அது வாசலுக்கு ஓடிவந்து, உள்ளே பார்த்து, “மாமா வந்துக்கீறாரு” என்று மழலையில் அறிவித்தது. வருகிற ஆண்களையெல்லாம் மாமா என்று சொல்லப் பழகியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சித்திரை பிறந்ததும் மண் வேலைக்காரர்களைத் தேடிப் போனேன். தாமல் ஏரிப் பக்கம் கரை வேலை செய்துகொண்டிருந்த ஒட்டர்கள். ஒரு புருஷன், ஒரு பெண்சாதி. தலைமுறை தலைமுறையாக மண் வெட்டுகிற ஜனம். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். புருஷன் பேசமாட்டான், வெட்டுவான். பேச்செல்லாம் அந்த அம்மாள்தான். மேட்டில் மூன்று இடத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்து, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்த்தாள். பிறகு என் பழைய வாய்க்காலைப் பார்த்தாள்.

“இது யாரு வெட்டினது நயினாரே?”

“ஒருத்தன் வெட்டினான்” என்றேன்.

“அவன இனிமே மம்பட்டிய தொட வாணான்னு சொல்லு.”

குட்டையையும் தூர் எடுக்கவேண்டும் என்றாள், தண்ணீரை இறைத்துவிடலாமா என்று கேட்டாள். இறைத்தால் மீனெல்லாம் சாகுமே, முடியாது என்றேன். தானாக வற்றட்டும் என்று வைகாசிவரை காத்திருந்தோம். வற்றிய பிறகும் நடுவில் ஒரு பள்ளத்தில் மீன்களுக்குத் தண்ணீர் விட்டுத்தான் சுற்றிலும் வெட்டவேண்டும் என்றேன். “மீனுக்கு ஊடு கட்டிக் குடுக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன்” என்றவள் அதையே தெலுங்கில் புருஷனிடம் சொல்ல, பேசாத அந்த மனுஷனே வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

மேட்டின் குறுக்கே ஒரே மட்டமாக வாய்க்கால் வெட்டினார்கள். அதற்கு இரண்டு வாய். ஒன்று நெல் வயலுக்கு, மற்றது குட்டைக்கு. குட்டைப் பக்கத்து வாய்க்கு முன்னால் வண்டல் இறங்க ஓர் ஆழமான குழி. குழிக்கும் குட்டைக்கும் நடுவில் பத்து முழ அகலத்துக்கு வெட்டிவேரும் அறுகும் நடச் சொன்னாள். முதல் மழைகளுக்குக் குட்டை வாயைப் பலகை போட்டு மண் அப்பி மூடிவிடவேண்டும். அழுக்கெல்லாம் வயலுக்குப் போகட்டும். தண்ணீர் தெளிந்த பிறகு பலகையை எடு என்றாள். எல்லாம் முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்தாள். மாடுகள் வழக்கம்போல மண்ணை நக்கிக்கொண்டிருந்தன.

“இத்தினி மாட்ட இங்கயே வுட்டினா ரெண்டு மழையில வாய்க்கா சாணியில தூந்துடும். அப்புறம் என்ன திட்டாதே.”

“வேற எங்க விடறது?”

கிழக்கே கை காட்டினாள். அங்கே என் வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. இரண்டு ஏக்கர். அதன் சரிவு குட்டைக்கு எதிர்ப்பக்கம்.

“ஐயையோ, அது கடலை!”

“கடலதான். மாட்டுக்கு அத வுடு, மேட்ட புல்லுக்கு வுடு. இல்லன்னா பேசாம உப்புத் தண்ணி குடி.”

அந்தக் கடலைக் கொல்லைமேல் எனக்கு இருந்த ஆசையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அப்பா கல்லும் முள்ளுமாக விட்டுப்போனதை நான் ஒருத்தனாகத் திருத்தியது. சுற்று வட்டாரத்தில் அந்த மாதிரிக் காய் பிடிக்காது. இரண்டு நாள் அந்த அம்மாளோடு மனசுக்குள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் கொல்லையைச் சுற்றி முள்வேலி போட்டு, இருபத்து மூன்று மாட்டையும் ஓட்டிப்போய் அதற்குள் விட்டேன். குட்டைக்கு அவை வராமல் இருக்க அங்கேயே ஒரு தொட்டி கட்டி, உப்புக் கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றினேன். மாடுகள் உப்பென்று ஆசையாகக் குடித்தன. குட்டை நிரம்பும்வரை எனக்கும் அதேதான். ஆடியில் இரண்டு தூறல் விழுந்ததும் மொட்டை மேட்டில் பச்சை தெரிந்தது. தினமும் போய்க் குனிந்து தொட்டுப் பார்த்தேன். புல்லைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் மாடாகத்தான் இருக்கமுடியும்.

ஒரு ஞாயிறு கிணற்றடியில் அவளே கேட்டாள். “குட்டை இன்னா ஆச்சி?”

அப்படிக் கேட்டதும் எனக்கு ஒரே உற்சாகம். பலகை, குழி, வெட்டிவேர், கடலைக் கொல்லை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும், “அவ்வளவுதானா?” என்றாள்.

“இன்னும் மழைதான் வரணும்” என்றேன்.

துண்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசி வந்தது. முதல் மழை. வாய்க்காலில் கறுத்த தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்து, மூடிய பலகையில் மோதி, திரும்பி வயலுக்குப் போனது. கரை நின்றது! இரண்டாம் மழையும் வயலுக்கு. மூன்றாவதும் வயலுக்கு. ஒவ்வொரு மழைக்கும் உள்ளங்கையில் தண்ணீரை அள்ளிப் பார்த்தேன். கை ரேகை தெரிந்தால்தான் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். மூன்றாம் மழையில் லேசாகத் தெரிந்தது. இன்னும் ஒரு மழை பார்த்துவிடலாம் என்று விட்டேன். அவ்வளவுதான், மழை நின்றுவிட்டது. பத்து நாள் ஒரு சொட்டு இல்லை. குட்டையில் மீன் பள்ளத்தைத் தவிர வேறு ஈரமே இல்லை. ஊரில் கேலி பேசினார்கள். “நயினாரு வந்த மழைய போன்னு தொரத்திட்டாருப்பா.” எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த ஞாயிறு காஞ்சிபுரம் போகவே இல்லை. எந்த முகத்தோடு போவது? மேட்டில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வருஷமும் போனால் குழந்தைக்கு நான் மாமாவே ஆகிவிடுவேன் என்று தோன்றியது.

கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் காலையில் மழை பிடித்தது, ஒரே சீராக, அவசரமில்லாமல். வாய்க்காலுக்கு ஓடினேன். கையில் அள்ளினேன். ரேகை மட்டுமா, கையிலிருந்த மண்வெட்டிக் காய்ப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. பலகையைப் பிடுங்கி எறிந்தேன். குழியில் இறங்கி, நிரம்பி, புல்லுக்குள் நுழைந்து, சத்தமே இல்லாமல் குட்டைக்குள் போனது தண்ணீர். அன்றும் மறுநாளும் பெய்தது. பத்து நாள் தெளியவிட்டேன். குட்டையின் அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிந்தது.

சின்னப் பித்தளைக் குடத்தில் மொண்டு, வாயைத் துணியால் கட்டி, சைக்கிள் பின்னால் வைத்துக் கட்டி, ஒன்பது மைலும் மிதித்தேன். பாதி வழியில் சிந்தியது போக மீதி போய்ச் சேர்ந்தது. மாமனார் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். மறுபடியும் தூக்கிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குது மாப்ளே” என்றார். நான் மூச்சு விடுவதற்குள், “அடுத்த மழையும் ஒண்ணு பாத்துட்டு…” என்று இழுத்தார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரத்தில் அவள் சமையற்கட்டிலிருந்து வந்தாள். குடத்தில் மீதியிருந்த தண்ணீரை அவள் வடிகட்டியிருக்கிறாள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர், அதில் அந்தத் துணி மூழ்கியிருந்தது.

“அப்பா, துணியில உயிர் இருக்குது. இத அந்தக் குட்டையிலதான் கொண்டுபோய் விடணும்.”

“அவரு கிட்ட குடும்மா. போகும்போது எடுத்துக்கினு போவட்டும்.”

“வடிகட்டினவங்கதான் விடணும்.”

அப்படி ஒரு சட்டம் எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாமனாருக்கும் தெரியாது. ஆனால் உயிர் என்று வந்துவிட்ட பிறகு அவரால் என்ன சொல்ல முடியும்? அவள் அதற்குள் குழந்தையின் துணிகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியான பஸ்ஸில் வந்தோம். சைக்கிள் பஸ்ஸுக்கு மேலே. குழந்தை என் மடியில், கிண்ணம் அவள் மடியில். ஒன்பது மைலும் ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்தாள். வெயில் இருக்கும்போதே குட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். படியில் இறங்கி, துணியை மெதுவாகக் கவிழ்த்து, “போங்கம்மா, போங்க” என்றாள்.

நான் விடவில்லை. கையோடு மேட்டுக்கு அழைத்துப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினேன். இதுதான் பலகை வாய், இதுதான் வண்டல் குழி, இந்த வெட்டிவேரைப் பார், எப்படிப் பிடித்திருக்கிறது பார். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். குழந்தை புல்லில் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருந்தது. நான் கடலைக் கொல்லைப் பக்கம் கையை நீட்டியபோது அவள் சொன்னாள்:

“ரெண்டு வருஷமா வந்து வந்து சாணிக் கதையே சொன்னீங்க. ஒரு நாளாவது ‘வா, போலாம்’னு சொன்னீங்களா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “தண்ணி சரியாவாம எப்படிக் கூப்பிடறது?” என்றேன்.

“கூப்பிட்டிருந்தா மொத வருஷமே வந்திருப்பேன். ஆத்துக்குப் போய் ஊத்துத் தண்ணி தூக்கியாந்து குடிச்சிருப்பேன், ரெண்டு மைலு எனக்கு ஒரு பெரிசா? ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கதவாண்ட நின்னு, இன்னிக்குச் சொல்வாரு, இன்னிக்குச் சொல்வாருன்னு பாத்துக்கினு இருந்தேன். நீங்க வாய்க்கா எத்தினி மொழம்னு எங்கப்பா கிட்ட சொல்லிட்டு சைக்கிள் ஏறிப் போயிடுவீங்க. ஒங்களுக்கு நான் வாணாம்போலன்னு நெனைச்சிட்டேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்காகத்தான் அத்தனை மண்ணையும் வெட்டினேன். அது அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

“சரி, இப்பவாவது சொல்லுங்க” என்றாள்.

தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் என் வாய்க்கு எப்போது புத்தி இருந்தது? “அதான் வந்துட்டியே, இனிமே எதுக்கு?” என்றேன்.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அன்று அடுப்பு எரிந்தது.

அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கும் மேலே என்னோடு இருந்தாள். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குச் சந்தர்ப்பமே வரவில்லை. பிறந்த வீட்டுக்குப் போனால் மூன்றாம் நாள் அவளாகவே வந்துவிடுவாள். போன தைக்கு முந்தின தையில் போனவள்தான் வரவில்லை. மகள் தன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்கிறாள், எனக்குத்தான் மனசு வரவில்லை.

குட்டைத் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் ஒரு குடம் மொண்டுகொண்டு படியேறும்போது நின்று, “வா, போலாம்” என்று சொல்கிறேன். கேட்க ஆள் இல்லாதபோது அது எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது.